அமெரிக்க சோயா இருப்பு: ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 கோடி டன் சோயா விளைகிறது. அரவை, ஏற்றுமதி, விதை எல்லாம் போக ஆகஸ்ட் மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே விஷயம். அந்த மிச்சம் 2014ல் 25 லட்சம் டன். ஐந்தே வருடத்தில், 2019ல், அது 2.47 கோடி டன் ஆனது. விளைச்சல் பத்து மடங்கு கூடவில்லை, மிச்சம் மட்டும் கூடியது. எண்ணெய் வியாபாரம் பார்ப்பவர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

ஏன் அமெரிக்க சோயா? நம் ஊர் கடலையைப் பற்றி எழுதக்கூடாதா?

எழுதலாம், ஆனால் எண்கள் வேண்டுமே. எண்ணெய் வித்துக்களின் இருப்பை வருடத்துக்கு நான்கு முறை, குறித்த தேதியில், பல பத்தாண்டுகளாக விடாமல் எண்ணி வெளியிடும் நாடுகள் சொற்பம். அமெரிக்கா அதில் முதல் வரிசை. கனடாவும் கனோலாவுக்கு இதே போல் எண்ணுகிறது. ஒரு நாட்டின் இருப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு நல்ல கணக்குப் புத்தகம் தேவை, அது அங்கே இருக்கிறது. இந்தியாவுக்கும் வருகிறேன்.

இருப்பில் எதெல்லாம் சேரும்?

குறிப்பிட்ட ஒரு நாளில் நாட்டுக்குள் முழு விதையாக இருக்கும் அத்தனையும் சேரும். விவசாயியின் குதிரில் இருப்பது, ஊர் கூட்டுறவுக் கிடங்கில் இருப்பது, அரவை ஆலையின் கொட்டிலில் இருப்பது, துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பது எல்லாம் உள்ளே. ஆட்டி எண்ணெயும் புண்ணாக்கும் ஆகிவிட்டால் அது விதை இருப்பில் வராது, அதற்குத் தனிக் கணக்கு.

சோயாவுக்கு அவர்களுடைய வியாபார ஆண்டு செப்டம்பர் 1ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 31ல் முடிகிறது. செப்டம்பர் 1 காலையில் எவ்வளவு இருக்கிறதோ அது பழைய ஆண்டின் கடைசி இருப்பு, புது ஆண்டின் தொடக்க இருப்பு. செய்தியில் "இருப்பு கூடியது, குறைந்தது" என்று வந்தால் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

யார், எப்படி எண்ணுகிறார்கள்?

வேளாண் துறையின் கீழ் இருக்கும் தேசிய வேளாண் புள்ளிவிவரச் சேவை எண்ணுகிறது. டிசம்பர் 1, மார்ச் 1, ஜூன் 1, செப்டம்பர் 1 என்று நான்கு தேதிகள். விவசாயிகளில் பல்லாயிரம் பேரை மாதிரிக்கு எடுத்து "உங்கள் இடத்தில் இன்று எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். யாருடைய சரக்கு என்பது முக்கியமில்லை, யாருடைய இடத்தில் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. கிடங்குகளையும் ஆலைகளையும் தனியாகக் கேட்கிறார்கள்.

அறிக்கையைத் தயாரிப்பவர்களை வெளித் தொடர்பு இல்லாத அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கிழக்கு அமெரிக்க நேரப்படி பகல் 12 மணிக்குத்தான் எண் வெளியே வரும். அடுத்த சில நொடிகளில், உலக சோயா விலை பேசப்படும் சிகாகோ முன்பேரச் சந்தையில் கோடிக்கணக்கான டாலர் கை மாறும் என்பதால் இந்தக் கெடுபிடி.

ஒரு வருடக் கணக்கை அப்படியே போட்டுக் காட்ட முடியுமா?

2018-19ஐ எடுத்துக்கொள்வோம். அவர்கள் அளவு புஷல். சோயாவில் ஒரு புஷல் 27.2 கிலோ.

தொடக்க இருப்பு 43.8 கோடி புஷல். அந்த ஆண்டு விளைச்சல் 442.8 கோடி. வெளியிலிருந்து வாங்கியது 1.4 கோடி. ஆக வரவு 488 கோடி புஷல்.

செலவுப் பக்கம்: ஆலைகளில் ஆட்டியது 209.2 கோடி. ஏற்றுமதி 175.2 கோடி. விதைக்கும் மற்றதற்கும் 12.7 கோடி. ஆக 397.1 கோடி.

மிச்சம் 90.9 கோடி புஷல், அதாவது அந்த 2.47 கோடி டன். இந்தியா முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் சோயாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, செலவாகாமல் கிடந்தது. அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு சோயா அதற்கு முன் மிஞ்சியதில்லை.

விளைச்சல் கொஞ்சம்தானே மாறுகிறது, இருப்பு மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இருப்பை யாரும் விதைப்பதில்லை, அறுப்பதும் இல்லை. அது இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் வரும் சின்ன எண். மாதச் சம்பளம் ஐம்பதாயிரம், செலவு நாற்பத்தெட்டாயிரம் என்று இருக்கும் வீட்டில் செலவு ஆயிரம் ரூபாய் கூடினால் செலவைப் பொறுத்தவரை அது இரண்டு சதவீதம்தான். கையில் மிஞ்சுவதோ பாதியாகிவிடும். சோயாவிலும் அதேதான் நடக்கிறது.

2013-14 கணக்கைப் பாருங்கள். விளைச்சல் 335.8 கோடி புஷல், கடைசி இருப்பு 9.2 கோடி. விளைச்சல் மதிப்பீட்டில் ஒரே ஒரு சதவீதம் தப்பினால் 3.4 கோடி புஷல், அதாவது இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆகஸ்ட் மாதம், சோயா அதிகம் விளையும் ஐயோவா மாநிலத்தில் இரண்டு நல்ல மழை விழுவதற்கும் விழாததற்கும் உள்ள வித்தியாசமே ஒரு சதவீதத்தைத் தாண்டும். அதனால்தான் ஆண்டுக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று வேளாண் துறை போடும் முன்மதிப்பீட்டை மாதாமாதம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் பார்த்து "இவர்களுக்கே தெரியவில்லை" என்று கிண்டல் செய்வது சுலபம். கழித்து வரும் எண்ணுக்கு இந்த ஆட்டம் பிறவிக் குணம்.

எண்ணியபிறகு விளைச்சலையே திருத்துவார்களாமே, அது எப்படி?

ஆமாம், நடந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 30 அன்று கடைசி இருப்பை வெளியிட்டபோது அது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. ஆலைகள் எவ்வளவு ஆட்டின, கப்பலில் எவ்வளவு போனது என்பதற்குக் கச்சிதமான பதிவு உண்டு. அவை சரியாக இருந்து மிச்சம் மட்டும் குறைந்தால், தப்பு வரவில்தான் இருக்க வேண்டும். ஆகவே முந்தைய ஆண்டு விளைச்சலை 11.6 கோடி புஷல் குறைத்துத் திருத்தினார்கள். ஏறக்குறைய 32 லட்சம் டன், இருந்ததாக நம்பப்பட்டு இல்லாமல் போனது. அறுவடை முடிந்து பதினோரு மாதம் ஆன பயிருக்கு!

எனக்கு இந்த முறையின் மேல் மரியாதை வருவது இந்த மாதிரி இடத்தில்தான். பழைய எண்ணைக் காப்பாற்றப் புது எண்ணை வளைக்கவில்லை.

கடந்த இருபது வருடத்தில் இருப்பு எப்படிப் போயிருக்கிறது?

கோடி புஷலில் சொல்கிறேன், பக்கத்தில் காரணத்தோடு.

2006-07ல் 57.4. அப்போதைக்கு அதுவே உச்சம். அடுத்த வருடமே 20.5க்கு இறங்கியது. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளுக்குக் கிராக்கி ஏற, விவசாயிகள் 2007ல் சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்குத் தாவினார்கள். 2008-09ல் 13.8. 2012ல் பெரிய வறட்சி, 2012-13 கடைசியில் 14.1. அதற்கும் அடுத்த வருடம் 9.2, அடிமட்டம். பிறகு நல்ல விளைச்சல் வரிசையாக வர, 19.1, 19.7, 30.2, 43.8 என்று படியேறியது. 2018-19ல் 90.9. 2019-20ல் 52.5. 2020-21ல் 25.7. அதன் பிறகு 27.4, 26.4, 34.2. 2025 செப்டம்பர் 1 கணக்கெடுப்பில் முதலில் வந்த எண் 31.6.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்கலாம். ஏறும்போது நான்கைந்து வருடம் எடுத்துக்கொள்கிறது, இறங்கும்போது ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கிவிடுகிறது. நல்ல விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கும், ஒரு வறட்சியோ ஒரு பெரிய வாங்குபவரோ ஒரே மூச்சில் தின்றுவிடும். 2018-19 விலக்கு, அந்த ஒரே வருடத்தில் 47 கோடி புஷல் ஏறியது.

2018-19ல் அப்படி என்ன நடந்தது?

வானம் காரணமில்லை. 2017ல் விளைந்தது 441 கோடி புஷல், 2018ல் 443 கோடி. இரண்டும் ஒன்றுதான். மாறியது ஏற்றுமதி. முந்தைய வருடம் 213 கோடி, அந்த வருடம் 175 கோடி. குறைந்த 38 கோடி புஷல் நேராகக் குதிருக்குள் போனது.

டிரம்ப் அரசு சீனப் பொருள்களுக்கு வரி போட, பதிலுக்கு சீனா 2018 ஜூலை 6 அன்று அமெரிக்க சோயாவுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. அந்த நாளின் வேடிக்கை பீக் பெகாசஸ் என்ற கப்பல். 70,000 டன் அமெரிக்க சோயாவை ஏற்றிக்கொண்டு சீனாவின் டாலியன் துறைமுகத்தை நோக்கி வரி விழும் முன் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடியது. சீன சமூக ஊடகத்தில் லட்சக்கணக்கானவர்கள் அதன் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் வரி அமலுக்கு வந்தது, கப்பல் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. சில மணி நேரத்தில் தவறவிட்டு, பிறகு ஒரு மாதம் போலக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ஆகஸ்டில் சரக்கை இறக்கியது.

2017ல் சீனா அமெரிக்காவிடம் சுமார் 1,200 கோடி டாலருக்கு சோயா வாங்கியது. 2018ல் அது சுமார் 300 கோடி டாலர். போதாததற்கு அதே ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பன்றிகள் கோடிக்கணக்கில் செத்தன. சோயாப் புண்ணாக்கைத் தின்ன வாயே குறைந்துபோனது.

வடக்கு டகோட்டா விவசாயிகளின் நிலைமைதான் மோசம். அவர்களுடைய சோயா ரயிலேறி மேற்குக் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து சீனாவுக்குக் கப்பலேறும். அந்த ஒரே வழி அடைத்ததும் உள்ளூர்க் கொள்முதல் விலை சில இடங்களில் புஷலுக்கு 7 டாலருக்கும் கீழே போனது. சிகாகோவில் 8 டாலருக்கு மேல் இருந்தும் அந்த ஊரில் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. அரசு புஷலுக்கு 1.65 டாலர் வீதம் நிவாரணம் கொடுத்தது.

அவ்வளவு சரக்கையும் எங்கே வைத்தார்கள்?

நெளிவுத் தகட்டில் செய்த வட்ட இரும்புக் குதிர்களில். மத்திய மேற்கு மாநிலங்களில் பண்ணைக்குப் பண்ணை நாலைந்து நிற்கும். அடியில் துளையிட்ட தரை, பக்கத்தில் காற்றாடி. சோயாவை 13 சதவீத ஈரத்தில் உள்ளே போட்டுக் குளிர்காலக் காற்றை ஊதிவிட்டால் வசந்தம்வரை கவலையில்லை. வெயில் ஏற ஏறத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஈரம் கோத்துப் பாளமாகக் கட்டிக்கொள்ளும், எண்ணெயில் அமிலம் ஏறும்.

2018 டிசம்பர் 1 அன்று நாட்டில் இருந்த 374 கோடி புஷலில் பாதிக்கு மேல் பண்ணைகளிலேயே இருந்தது. விலை இல்லை, விற்க மனசில்லை, அப்படியே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் 2019 மார்ச்சில் வெள்ளம் வந்தது. நெப்ராஸ்காவிலும் மேற்கு ஐயோவாவிலும் மிசூரி ஆறு கரையை உடைத்தது. தண்ணீர் புகுந்த குதிர்களில் சோயா ஊறி வீங்கி, இரும்புத் தகட்டைத் தையல் விட்ட சட்டை மாதிரிப் பிளந்தது. வெடித்த குதிர்களிலிருந்து விதை சரிந்து சேற்றில் குவியலாகக் கிடந்த படங்கள் அன்றைய பத்திரிகைகளில் வந்தன. வெள்ளம் தொட்ட தானியத்தை உணவுக்கோ தீவனத்துக்கோ விற்க அங்கே அனுமதியில்லை, அழித்தாக வேண்டும். பயிர்க் காப்பீடு வயலில் நிற்கும் பயிருக்குத்தான், அறுத்துக் குதிரில் வைத்ததற்கு இல்லை. ஜூனில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டபிறகுதான் அந்த இழப்புக்கும் உதவி வந்தது. வேறு வருடமாக இருந்தால் அதில் ஒரு நல்ல பங்கு மார்ச்சுக்கு முன்பே விற்றுப் போயிருக்கும். இருப்பு என்று ஒற்றை வரியில் நாம் படிக்கிற எண் யாரோ ஒருவருடைய ஒரு வருட வருமானம் என்பது அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அவ்வளவு பெரிய இருப்பு இரண்டே வருடத்தில் எப்படிக் கரைந்தது?

2019 வசந்தத்தில் மழை விடவே இல்லை. சோயா விதைத்த பரப்பு 8.92 கோடி ஏக்கரிலிருந்து 7.61 கோடிக்குக் குறைந்தது. விளைச்சல் 355 கோடி புஷல்தான். குதிரில் கிடந்த பழைய சரக்கு அப்போது கைகொடுத்தது. 2020 ஜனவரியில் சீனாவோடு முதல்கட்ட ஒப்பந்தம், அதற்குள் சீனாவில் பன்றி வளர்ப்பும் மீளத் தொடங்கியது. 2020-21ல் ஏற்றுமதி 227 கோடி புஷல். 2021 மே மாதம் சிகாகோ விலை 16 டாலரைத் தாண்டியது. மூன்று வருடம் முன்பு 8 டாலருக்கு வாங்க ஆளில்லாத அதே சரக்கு.

2014ல் 9.2 கோடிதான் மிஞ்சியது என்றால் சோயா தீர்ந்தே போயிருக்காதா?

தீராது. தீரும் முன் விலை ஏறும், ஏறிய விலையில் சிலர் வாங்குவதை நிறுத்துவார்கள், மிச்சம் பிழைக்கும். 2012 செப்டம்பரில் சிகாகோ விலை 18 டாலரை நெருங்கியது அப்படித்தான். 2013-14ல் இன்னொன்றும் நடந்தது. உலகத்துக்கே சோயா ஏற்றுமதி செய்யும் நாடு, பிரேசிலிலிருந்து கப்பலில் சோயா இறக்குமதி செய்தது! அந்த வருடம் மொத்த இறக்குமதி சுமார் 20 லட்சம் டன். கிழக்குக் கடற்கரையின் கோழி, பன்றிப் பண்ணைகளுக்கு உள்நாட்டு ரயிலைவிடப் பிரேசில் கப்பல் கட்டுப்படியானது.

தெற்கே லூசியானா, மிசிசிப்பி பக்கம் ஆகஸ்டிலேயே புது அறுவடை ஆரம்பிப்பதும் கடைசி வாரங்களில் கைகொடுக்கும்.

டன் கணக்கைப் பார்க்கவா, சதவீதத்தைப் பார்க்கவா?

சதவீதத்தை. கடைசி இருப்பை அந்த வருட மொத்தச் செலவால் வகுத்துப் பாருங்கள். 2013-14ல் 2.6 சதவீதம், பத்து நாள் தேவைக்குக்கூடக் காணாது. 2018-19ல் 23 சதவீதம், ஏறக்குறைய 12 வாரத்துக்கு வரும். 2022-23ல் 26.4 கோடி புஷல் என்பது 6 சதவீதம்தான். இருபது வருடம் முன்பு அதே 26 கோடி ஓரளவு தெம்பான இருப்பு, இப்போது இறுக்கமான இருப்பு, ஏனென்றால் செலவு அவ்வளவு வளர்ந்துவிட்டது. பழைய எண்ணோடு புது எண்ணை நேரடியாக ஒப்பிட்டு "இருப்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதுபவர்களை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள்.

டிசம்பர் எண் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அறுவடை செப்டம்பர் முதல் நவம்பர் வரை. டிசம்பர் 1ல் புதுப் பயிரில் பெரும்பகுதி இன்னும் வீட்டில்தான் இருக்கும். டிசம்பரை டிசம்பரோடும் மார்ச்சை மார்ச்சோடும் ஒப்பிடுங்கள். டிசம்பர் எண்ணை செப்டம்பர் எண்ணோடு ஒப்பிட்டு இருப்பு பெருகிவிட்டது என்று தலைப்பு போட்டால் அது தப்பு.

இருப்பு அரசாங்கத்தினுடையதா?

இல்லை. நம் இந்திய உணவுக் கழகம் நெல்லும் கோதுமையும் வைத்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பு. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அரசு நிறுவனம் தானியங்களை வாங்கிக் குவித்தது உண்டு. இன்றைய சோயா இருப்பு விவசாயிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் கம்பெனிகளுக்கும் சொந்தம். அரசு எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இருப்பு குறைந்தால் ஏற்றுமதியைத் தடை செய்வார்களா?

ஒருமுறை செய்தார்கள். அதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1972ல் பசிபிக் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்து பெரு நாட்டின் நெத்திலி மீன்பிடிப்பு சரிந்தது. தீவனத்துக்கு மீன் மாவு போய் எல்லாரும் சோயாப் புண்ணாக்குக்குத் திரும்பினார்கள். 1973 ஜூனில் சிகாகோ விலை 12 டாலரைத் தாண்டியது. ஜூன் 27 அன்று அதிபர் நிக்சனின் அரசு சோயா ஏற்றுமதியைத் தடுத்தது. தடை சில மாதத்தில் நீங்கிவிட்டது. ஆனால் சோயாவில் செய்யும் தன் அன்றாட உணவுகளான டோஃபுவுக்கும் மிசோவுக்கும் அமெரிக்க சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் அதை மறக்கவில்லை. பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிப் பிரதேசத்தில் விவசாயம் வளரப் பணமும் நுட்பமும் கொடுத்தது. அமிலம் மிகுந்த அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு, வெப்பத்துக்குத் தாங்கும் ரகங்களைப் பிரேசில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா உருவாக்கியது. பிரேசில் எழுந்ததற்கு ஜப்பான் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஜூன் மாதத்துக்கு ஒரு பங்கு உண்டு.

இன்று பிரேசில் அமெரிக்காவைத் தாண்டிவிட்டது. 2024-25ல் அங்கே 17 கோடி டன் விளைந்தது.

பிரேசில் வளர்ந்ததால் அமெரிக்க இருப்புக்கு என்ன ஆனது?

பயம் பாதியாகக் குறைந்தது. முன்பெல்லாம் அமெரிக்காவில் ஒரு கோடை பொய்த்தால் அடுத்த செப்டம்பர்வரை உலகம் காத்திருக்க வேண்டும். பிரேசில் அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலகத்துக்குப் புதுச் சரக்கு வருகிறது. வாங்குபவர்கள் பெரிய இருப்பு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைந்தது. அமெரிக்க விவசாயிக்கோ விற்கும் காலம் சுருங்கிவிட்டது. அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கப்பலேறவில்லை என்றால் பிறகு பிரேசிலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சீனாவிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறது?

அரசு சேமக் கிடங்குகளில் இருப்பதை சீனா வெளியிடுவதில்லை. வெளியே உலவும் எண்கள் எல்லாம், அமெரிக்க வேளாண் துறையுடையது உட்பட, இறக்குமதியிலிருந்து அரவையைக் கழித்துப் போட்ட ஊகங்கள். உலகத்து மொத்த இருப்பு என்று படிக்கும்போது அதில் ஒரு பெரிய பங்கு இந்த ஊகம் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, இந்தியாவில் இப்படி எண்ணுகிறார்களா?

விதைக்கு இல்லை. விளைச்சலுக்கு அரசு மதிப்பீடு இருக்கிறது. ஆனால் விவசாயி வீட்டிலும் கமிஷன் மண்டியிலும் இன்று எத்தனை மூட்டை கிடக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிச் சொல்லும் அரசு அறிக்கை நம்மிடம் கிடையாது. சோயாவுக்கு இந்தூரில் இருக்கும் ஆலைக்காரர் சங்கம் ஒரு மதிப்பீடு கொடுக்கிறது. சமையல் எண்ணெய்க்கு மும்பையில் இருக்கும் எண்ணெய்ப் பிழிவாளர் சங்கம் துறைமுகங்களில் எவ்வளவு, உள்நாட்டு விநியோகத்தில் எவ்வளவு என்று மாதாமாதம் வெளியிடுகிறது. மத்திய அரசுக்காகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவு அமைப்பான நாஃபெட் ஆதரவு விலைக்கு வாங்கிய சரக்கு நாஃபெட்டுக்குத் தெரியும். மீதி இருட்டு.

எண் தெரியாத இடத்தில் அரசு தடியை எடுக்கும். 2021 அக்டோபரில் எண்ணெய்க்கும் எண்ணெய் வித்துக்கும் இருப்பு வரம்பு விதித்தார்கள். பதுக்கல் எவ்வளவு, நியாயமான இருப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கணக்கு இல்லாமல் வரம்பு மட்டும் போட்டால், ஒழுங்காகச் சரக்கு வைத்திருந்தவனும் சேர்ந்துதான் அடிபடுவான்.

இதெல்லாம் நாமக்கல் கோழிப்பண்ணைக்கு என்ன சம்பந்தம்?

முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு அடுத்த செலவு சோயாப் புண்ணாக்கு. புரதம் அதிலிருந்துதான் வருகிறது. 2021ல் உலக இருப்பு இறுகியதும் உள்நாட்டில் சோயா வரத்து குறைந்ததும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. மத்தியப் பிரதேச மண்டிகளில் சோயா குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. அந்த வருட ஆதரவு விலை 3,950தான். பண்ணைக்காரர்கள் போட்ட சத்தத்தில் ஆகஸ்டில் மத்திய அரசு மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன்வரை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அந்த மாதிரி விதையை நாட்டுக்குள் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்த அரசு, ஆட்டிய புண்ணாக்கு முளைக்காது என்ற காரணத்தைச் சொல்லிக் கதவைத் திறந்தது.

2024ல் நேரெதிர். தென் அமெரிக்காவில் சரக்கு குவிந்து உலக விலை படுத்தது. ஆதரவு விலை 4,892 ஆக இருக்க, மண்டி விலை அதற்குக் கீழே. பண்ணைக்காரருக்குக் கொண்டாட்டம், சோயா விவசாயிக்குத் திண்டாட்டம். செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 20 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். நாம் வருடத்துக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் சோயா எண்ணெய் இறக்குமதி செய்கிறோம். பெரும்பகுதி அர்ஜென்டினாவும் பிரேசிலும் அனுப்புவது. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் பலகை சிகாகோவில் இருக்கிறது, அந்தப் பலகையை ஆட்டுவதில் இந்த இருப்பு எண்ணுக்குப் பெரிய பங்கு.

2025ல் சீனா மறுபடி வாங்காமல் நிறுத்தியதே, இருப்பு 2019 மாதிரி வீங்கவில்லையா?

வீங்கவில்லை. 2025 செப்டம்பரில் சீனா இறக்குமதி செய்த அமெரிக்க சோயா பூஜ்ஜியம். 2018 நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு மாதம் வந்தது அதுதான் முதல்முறை. அக்டோபர் 30 அன்று பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபிறகு சீனா 120 லட்சம் டன் வாங்கும் என்று அமெரிக்கா அறிவித்தது.

இம்முறை இரண்டு விஷயம் வேறு. விவசாயிகள் உஷாராகி சோயாப் பரப்பைக் குறைத்து மக்காச்சோளத்துக்குப் போனார்கள். இன்னொன்று, உள்நாட்டு அரவை 2018-19ல் இருந்த 209 கோடியிலிருந்து 240 கோடி புஷலுக்கு மேல் போயிருக்கிறது. தாவர எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் ஆலைகள் வந்ததால் எண்ணெய்க்குக் கிராக்கி. விதையாகக் கப்பலேறாதது உள்ளூரிலேயே ஆட்டப்படுகிறது. 2025 நவம்பர் மதிப்பீட்டில் 2025-26க்கான கடைசி இருப்பு 29 கோடி புஷல் என்றுதான் போட்டார்கள்.

புண்ணாக்கு என்ன ஆகும் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. ஒரு புஷலை ஆட்டினால் சுமார் 5 கிலோ எண்ணெய், ஐந்தில் நான்கு பங்கு புண்ணாக்கு. டீசலுக்கு எண்ணெய் வேண்டும் என்று ஆட்ட ஆட்டப் புண்ணாக்கு மலை போல் குவியும். அது எந்த நாட்டுக் கோழிக்குப் போகப் போகிறது என்பதுதான் நாமக்கல்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

அறிக்கை வராமல் போனது உண்டா?

உண்டு. 2018 டிசம்பரில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி இல்லாமல் மூடப்பட்டன. டிசம்பர் 1 இருப்பு ஜனவரியில் வர வேண்டியது, 2019 பிப்ரவரி 8 அன்று வந்தது. 2025 அக்டோபர் மூடலில் அந்த மாதத்து வரத்து-தேவை மதிப்பீடு வரவே இல்லை. இரண்டு முறையும் சீனத் தகராறு உச்சத்தில் இருந்த நேரம், எண் மிகவும் தேவைப்பட்ட நேரம். தனியார் மதிப்பீடுகளுக்குக் காசு கொடுக்க முடிந்த பெரிய கம்பெனிகள் சமாளித்துக்கொண்டன.

நான் எந்தெந்த நாள் பார்த்தால் போதும்?

செப்டம்பர் 30ஐ ஒட்டி வரும் இருப்பு அறிக்கை முதலில், அதில்தான் கடைசி மிச்சம் தெரியும். அடுத்து ஜனவரி 10, 12 தேதி வாக்கில் வருவது. டிசம்பர் 1 இருப்பும் முந்தைய அறுவடையின் முழு விளைச்சலும் ஒரே நாளில் வரும், சந்தை அதிகம் குதிப்பதும் அன்றுதான். மார்ச் கடைசி, ஜூன் கடைசி அறிக்கைகளில் இருப்பைவிட விதைப்புப் பரப்புக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். நம் நேரப்படி கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.